ஜீவபுஸ்தகமும் அடங்கலும்

செங்கல்பட்டில் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்த பையனுக்கு ஸ்காட்லாந்து வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அந்த நாட்டுப் பெயர்கள் மட்டும் நாக்கில் தானாகப் புரளும். அவன் படித்தது புனித கொலம்பா பள்ளியில். கொலம்பா, ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து படகேறி அயோனா என்ற குட்டித் தீவில் இறங்கி, ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சுவிசேஷம் சொன்ன துறவி. பாட்டியின் பிறந்த ஊர் மெல்ரோசாபுரம். சிங்கபெருமாள்கோயில் பக்கம், நிலமில்லாத ஏழைகளுக்காக மிஷன் உண்டாக்கிய குடியிருப்பு அது. மெல்ரோஸ் ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர் என்பதே அவனுக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடமும் ஊர்ப்பெயரும் வந்த அதே கப்பலில் இன்னொரு சரக்கும் வந்து இறங்கியிருந்தது. அதற்கு யாரும் பலகை எழுதி மாட்டவில்லை.

உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் சிலரை இரட்சிப்புக்கென்று தெரிந்துகொண்டார், மற்றவர்களைத் தெரிந்துகொள்ளவில்லை என்கிற உபதேசம்தான் அந்தச் சரக்கு. தமிழ் வேதாகமம் பழகியவர்களுக்கு முன்குறித்தல் என்றால் புரியும். பிரசங்கபீடத்திலிருந்து அந்தச் சொல் விழுந்து அவன் கேட்டது அபூர்வம்.

திடப்படுத்தல் வகுப்பில் அது ஒருநாள் தலைநீட்டியது. சனிக்கிழமை சாயங்காலம், கோயிலுக்குப் பின்னாலிருந்த அறையில் பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் எல்லாவற்றையும் ஒப்புவிக்க வேண்டும். நடுவே யாத்திராகமத்துக் கதை. பார்வோனின் இருதயத்தைக் கர்த்தரே கடினப்படுத்தினார் என்று வருகிற இடத்தில் அவன் கையைத் தூக்கினான். “கடினப்படுத்துனது கர்த்தர்னா, பார்வோனை ஏன் ஐயா தண்டிக்கணும்?”

ஐயர் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தில் துடைத்தார். நல்ல மனிதர், பிரம்பு எடுக்காதவர். “பேராயர் இதையெல்லாம் கேக்கமாட்டார் தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த பையனை எழுப்பினார்.

வீட்டில் இதற்கு வேறொரு ஏற்பாடு இருந்தது. தலையெழுத்து என்ற சொல்லைப் பாட்டி வாசற்படிக்கு உள்ளே விடமாட்டாள். பிரம்மா மண்டையில் எழுதுகிறான் என்பதெல்லாம் அஞ்ஞானம். ஆனால் கன்று செத்தாலும், மருமகனுக்கு வேலை போனாலும், கர்த்தருடைய சித்தம் என்பாள். பக்கத்து வீட்டு முதலியார் வீட்டம்மா, எல்லாம் எழுதினபடிதானே நடக்கும் என்பார். இரண்டு கிழவிகளும் திண்ணையில் உட்கார்ந்து ஒரே பெருமூச்சை விடுவார்கள். எழுதியவர் மட்டும் வேறு. அதே பாட்டி, பேரனுக்குப் பரீட்சை வந்தால் விடியற்காலையில் எழுப்பி அரிக்கேன் விளக்கு முன்னால் உட்கார வைப்பாள். மார்க்கைக் கர்த்தர் ஏற்கெனவே முன்குறித்துவிட்டாரே, தூங்கினால் என்ன என்று ஒரு தடவை வாதாடிப் பார்த்தான். விசிறிக் காம்பு பதில் சொன்னது.

பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. முன்னது விதியை அசைக்க முடியாத உயரத்தில் வைக்கிறது. பின்னது அதன் முதுகைப் பார்க்கலாம் என்கிறது. இரண்டையும் சமாதானப்படுத்தி மூன்றாவதாக ஓர் அதிகாரம் எழுத வள்ளுவர் மெனக்கெடவில்லை.

சரக்கு எங்கே ஏற்றப்பட்டது என்பதை அவன் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு படித்தபோது தெரிந்துகொண்டான். அந்தக் கல்லூரியின் ஆதியும் ஸ்காட்லாந்துதான். 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற மிஷனரி சென்னையில் தொடங்கிய பள்ளிக்கூடம் அதன் வேர். நூலகத்தில் தடித்த புத்தகங்கள் இருந்தன. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் ஒரு பக்கம், பெலேஜியஸ் மறுபக்கம். மனிதன் நினைத்தால் நல்லவனாகலாம் என்றார் பெலேஜியஸ். நினைப்பதற்கே கிருபை வேண்டும் என்றார் அகஸ்டின். 1524இல் எராஸ்மஸ் மனித சித்தத்தின் சுதந்திரத்துக்காக ஒரு புத்தகம் எழுத, மறு ஆண்டே லூத்தர் அந்தச் சித்தம் அடிமைப்பட்டது என்று பதில் புத்தகம் எழுதினார். பிறகு ஜெனீவாவில் கால்வின். அவரிடமிருந்து ஸ்காட்லாந்துக்கு. 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தன் மூன்றாம் அதிகாரத்தில், ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டது: ஒரு சாரார் நித்திய ஜீவனுக்கு, இன்னொரு சாரார் நித்திய மரணத்துக்கு; இரண்டும் ஆதியிலேயே தீர்மானமானவை. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்து நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறி சுயாதீனத் திருச்சபை கண்டபோது, இந்தியாவிலிருந்த அதன் மிஷனரிகளும் அவர்களோடு போனார்கள். செங்கல்பட்டு மிஷன் அந்த வழியில் வந்தது. சட்டப்படி பார்த்தால், மெல்ரோசாபுரத்துப் பாட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்த கைகள் அந்த மூன்றாம் அதிகாரத்துக்குக் கையெழுத்திட்ட கைகள்.

1892ஆம் ஆண்டு அவனுக்கு ஒரு தனிப் பித்தாகவே ஆகிவிட்டது. அந்த ஆண்டில் இரண்டு தாள்கள். ஒன்று எடின்பரோவில். சுயாதீனத் திருச்சபை ஒரு விளக்கச் சட்டம் நிறைவேற்றியது. முன்குறித்தலை நம்பலாம், ஆனால் கடவுள் எல்லா மனிதரையும் நேசிக்கிறார் என்பதோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும். பாவத்தைக் கணக்கில் எடுக்காமல் மனிதர்களை மரணத்துக்கென்று குறித்துவைத்தார் என்று போதிக்க யாரும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. இந்த இளக்கமே சிலருக்குப் பொறுக்கவில்லை, மறு ஆண்டே பிரிந்து போய்விட்டார்கள். இன்னொரு தாள் சென்னைக் கோட்டையில். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30இல் பிறந்த 1010ஆம் எண் அரசாணை. ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க வழி திறந்த ஆணை. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவதன் தொடக்கம்.

இரண்டு தாள்களுக்கும் நடுவே நின்றவர் ஆடம் ஆண்ட்ரு. செங்கல்பட்டில் சுயாதீனத் திருச்சபை மிஷனரி. மெல்ரோசாபுரம் அவர் கைவேலை. சேரிக் குடும்பங்களுக்கு நிலமும் குடியிருப்பு மனையும் வேண்டும் என்று அரசுக்கு எழுதி எழுதிச் சலிக்காதவர். அதே மாவட்டத்தின் வடக்கே, திருவள்ளூர்ப் பக்கம், வில்லியம் கௌடி என்பவரும் அதே மனுவைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். கௌடி வெஸ்லியன் மெத்தடிஸ்ட். முன்குறித்தல் உபதேசம் கடவுளைக் கொடுங்கோலனாக்குகிறது என்று 1739லேயே பிரசங்கம் செய்து, தன் நண்பர் ஒயிட்ஃபீல்டோடு முறித்துக்கொண்ட ஜான் வெஸ்லியின் வழி. ஒருவர் கணக்குப்படி எல்லாம் ஆதியில் தீர்ந்த விஷயம். மற்றவர் கணக்குப்படி எதுவும் தீரவில்லை, இன்றே மனம் திரும்பலாம். வெயிலில் ஒரே பட்டாவுக்கு இருவரும் அலைந்தார்கள்.

எல்லாம் தீர்மானமானது என்று நம்புகிறவர் எதற்கு மனு எழுதுகிறார்? கல்லூரி விடுதியில் இந்தக் கேள்வியை அவன் பலரிடம் தூக்கிக்கொண்டு அலைந்தான். ஜெர்மானியர் மேக்ஸ் வெபர் 1904–05இல் ஒரு விடை சொன்னார். தான் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா என்ற பயம் கால்வினியனை ஓயாமல் உழைக்கவைக்கிறது. உழைப்பின் வெற்றியில் அவன் தன் பெயரைத் தேடுகிறான். வணிகர்களுக்கு அது பொருந்தலாம். செங்கல்பட்டுச் சரளை மண்ணில் அடுத்தவன் நிலத்துக்காக நின்ற மனிதருக்கு அது பொருந்துவதாக அவனுக்குப் படவில்லை. அவனுடைய ஊகம் வேறு. கடவுளின் தீர்மானம் ஒன்றுதான் அசையாதது என்று நம்புகிறவனுக்கு, மற்ற எந்தத் தீர்மானமும் அசைக்கக்கூடியதுதான். பிறப்பால் இன்னாருக்கு நிலம் இல்லை என்று ஊர் விதித்ததை அவன் விதியாக எடுத்துக்கொள்ள மாட்டான். பாட்டி தலையெழுத்தை வாசலோடு நிறுத்திய கோபத்துக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்திருக்க வேண்டும்.

உபதேசம் சொத்து வழக்காகவும் ஆனது. 1900இல் சுயாதீனத் திருச்சபையின் பெரும்பகுதி இன்னொரு திருச்சபையோடு இணைய, முப்பதுக்கும் குறைவான போதகர்கள், நீங்கள் பழைய விசுவாசத்தை விட்டுவிட்டீர்கள், ஆகவே சொத்தெல்லாம் எங்களுக்கே என்று நீதிமன்றம் போனார்கள். லண்டனில் பிரபுக்கள் சபை, முன்குறித்தலையும் மனித சித்தத்தையும் பற்றிய வக்கீல் வாதங்களைப் பொறுமையாகக் கேட்டு, 1904 ஆகஸ்டில் ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அந்தச் சிறு கூட்டத்துக்கே தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டுச் சொத்தைப் பங்கிட வேண்டியிருந்தது. பேராயர் கேட்கமாட்டார் என்று ஐயர் சொன்ன கேள்வியை நீதிபதிகள் நாள்கணக்கில் கேட்டிருக்கிறார்கள்.

1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெத்தடிஸ்ட், ஆங்கிலிக்கன் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். வேதாகமம், அப்போஸ்தலர் பிரமாணம், நைசேயா பிரமாணம் இவை போதும் என்றானது. வெஸ்ட்மின்ஸ்டரின் மூன்றாம் அதிகாரத்தை யாரும் எரிக்கவில்லை; பரணில் ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் அவனுக்குப் பதில் கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பாடகர் குழுவோடு திருமணிக்குப் போவது உண்டு. 1924இல் லேடி வில்லிங்டன் பெயரில் அங்கே தொடங்கிய தொழுநோய் நிலையம், 1955இல் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமானது. மிஷன் காலத்தில் அங்கே இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், 1940களில் டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்கு ஊசிவழி கொடுத்துப் பார்த்தவர். அந்தப் பத்தாண்டுக்கு முன்பு உருப்படியான மருந்தே கிடையாது. ஒரு வருடம் பாட்டு முடிந்ததும் கூட வந்த ஊழியர் ஒருவர், வியாதியும் கர்த்தருடைய சித்தம்தான், அதில் ஒரு நோக்கம் உண்டு என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார். முன்வரிசையில் விரல் மழுங்கிய ஒரு பெரியவர் தடுத்தார். “மாத்திரை வந்துச்சே, அதைச் சித்தம்னு சொல்லுங்க, ஆமேன்னு சொல்றேன். வியாதிக்கு ஆமேன் கேக்காதீங்க ஐயா.” ஊழியர் ஜெபத்துக்குத் தாவிவிட்டார். கல்லூரி நூலகத்தில் தேடிக் கிடைக்காத ஒன்று அந்தப் பெரியவரிடம் கிடைத்ததாக அவனுக்கு இன்றும் தோன்றுகிறது: தெரிந்துகொள்ளப்பட்டேன் என்று ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், அடுத்தவனைக் காட்டிச் சொல்லும்போது அதே வாக்கியம் கல்லாகிவிடுகிறது.

வேலை கிடைத்தது தாலுகா ஆபீஸில். ஜீவபுஸ்தகத்தில் பெயர் இருக்கிறதா என்று கவலைப்பட்ட குடும்பத்தில் பிறந்தவனுக்கு அடங்கலில் பெயர் எழுதும் உத்தியோகம். யாருக்கு எந்த சர்வே எண், என்ன பயிர், எது நத்தம், எது புறம்போக்கு. பழைய பதிவேடுகளில் டி.சி. நிலம் என்று குறித்த பக்கங்களும் வரும். பத்து ஆண்டு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலங்கள். பெயர் மாறியிருக்கும், நிபந்தனை மட்டும் மாறாமல் கிடக்கும். மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்தில் அப்படிக் கைமாறிய பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அந்த வாரம் ஒரு ஜெபக்கூட்டத்தில் யாரோ, அவரவர் நாள் குறித்தபடி முடிகிறது என்று ஜெபித்தார். அவன் எழுந்து வெளியே வந்து வராந்தாவில் நின்றான். துப்பாக்கியைத் தூக்க உத்தரவு போட்டவர் ஒருவர் உண்டு, நிலத்தைக் கைமாற்றி எழுதிய பேனாக்கள் உண்டு. அவ்வளவு பேரையும் விட்டுவிட்டு நேரே கர்த்தரிடம் பழியைக் கொண்டுபோகிற ஜெபம் பக்தி ஆகாது என்பது அன்றைக்கு அவன் எடுத்த முடிவு.

ஆபீஸ் ஹெட் கிளார்க் காஞ்சிபுரத்து வைணவர். மதியச் சாப்பாட்டு வேளையில் இவனுடைய புலம்பலைக் கேட்டுவிட்டு, “இதுக்கு ஏன் ஓய் ஜெனீவாவுக்குப் போறீர்? சின்ன காஞ்சிபுரத்துக்கு வாரும்” என்றார். வேதாந்த தேசிகர் 1268இல் பிறந்தது காஞ்சியை ஒட்டிய தூப்புலில். அவர் வழி வடகலை. குரங்குக் குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற மாதிரி, ஜீவன் தன் பங்குக்குச் சரணாகதியைச் செய்தாக வேண்டும். பிள்ளை லோகாசாரியர் வழி தென்கலை. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற மாதிரி, பெருமாளே தூக்கிக்கொள்வார். குட்டி பிடிக்க வேண்டியதில்லை. கால்வினும் வெஸ்லியும் இதைக் கேட்டிருந்தால் தங்கள் தங்கள் நாமத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்தக் கிருபை மார்க்கத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டிருக்கிறார். “நாங்களும் கோர்ட்டுக்குப் போனோம்” என்றார் ஹெட் கிளார்க், சற்றுப் பெருமையாகவே. தேவராஜசுவாமி கோயிலில் யார் முன்னால் நின்று ஓதுவது என்ற வடகலை, தென்கலை வழக்கு தலைமுறைகளைத் தின்றது. கிருபை யாருக்கு என்ற கேள்வி இரண்டு ஊர்களிலும் சொத்துரிமை வக்கீலிடம்தான் போய் நின்றிருக்கிறது.

அதே காஞ்சிபுரத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தோடு அது சேர்ந்திருந்த நாளில், லெஸ்லி நியூபிகின் மிஷனரியாக இருந்தார். 1936இல் எடின்பரோவில் குருப்பட்டம் பெற்று வந்த பிரஸ்பிட்டேரியன். தமிழ் படித்தார், கிராமம் கிராமமாகச் சுற்றினார். வாரம் ஒரு மாலை அங்குள்ள ராமகிருஷ்ண மடத்தில் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதமும் சுவிசேஷமும் மாறி மாறி வாசித்தார். 1947இல், 37 வயதில், மதுரை–இராமநாதபுரம் பேராயர். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். அவன் சிறுவனாக இருந்தபோது பெரியவர்கள் வாயில் அடிபட்ட பெயர். ஐயர் கேள்விக்குப் பயந்ததும் அந்தப் பேராயரைக் காட்டித்தான்.

பேராயருக்கு அந்தக் கேள்வி தெரியாமல் இல்லை. 1989இல் வெளிவந்த புத்தகத்தில் தெரிந்துகொள்ளுதலின் தர்க்கம் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார். அதைப் படித்த ராத்திரி அவன் தூங்கவில்லை. கடவுள் தெரிந்துகொள்கிறார், அதில் சந்தேகமில்லை என்கிறார் நியூபிகின். ஆனால் தெரிந்துகொள்ளப்படுவது சலுகைக்காக இல்லை, சுமைக்காக. ஆபிரகாமை, இஸ்ரவேலை, பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டது மற்றவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. எந்த மனிதனுக்கும் இரட்சிப்பு வானத்திலிருந்து தனியாக இறங்கி வராது. பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டித்தான் வரும். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு குயவன், களிமண், கனமான பாத்திரம், கனவீனமான பாத்திரம் என்று பயமுறுத்துகிறவர்கள், பதினொன்றாம் அதிகாரம் வரை படிக்க வேண்டும். அங்கே முடிவு எல்லார் மேலும் இரக்கம் என்றுதான் இருக்கிறது. இப்படிப் போகிறது வாதம். காஞ்சி வீதிகளில் வெயில் படாமல் இதை எழுதியிருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு குறையும் பட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வந்து தட்டவே இல்லை என்றால்?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். சுமத்ராவில் பூமி அசைந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. அலை இந்தக் கரைக்கு வந்தபோது ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். கார் நிக்கோபாரில் தன் தளம் தண்ணீரில் போனது விமானப்படைக்குத் தெரிந்திருந்தது. கரைக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் போனார்கள். வருவாய்த் துறையில் கையிலிருந்த ஆட்களையெல்லாம் கடலோரக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அவனுக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே. வலையும் ஃபைபர் படகும் சவுக்குமரங்களில் தொங்கின. கடற்கரைக் கோயிலைச் சுற்றி முன்பே கொட்டியிருந்த பாறைகள் அலையை வாங்கிக்கொண்டதால் கோயில் தப்பியது என்றார்கள். சாளுவன்குப்பத்தில் அலை அரித்துப் போன மணலுக்கு அடியில் கல்வெட்டு தெரிய, அங்கே தோண்டி ஒரு பழைய செங்கல் முருகன் கோயிலைத் தொல்லியல் துறை மறு ஆண்டு வெளிக்கொண்டுவந்தது.

அடுத்த ஞாயிறுகளில் சாட்சிகள் குவிந்தன. கர்த்தர் என்னை அன்று கடற்கரைக்குப் போகவிடாமல் தடுத்தார். கர்த்தர் என் பிள்ளையைக் கையில் ஏந்தினார். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தப்பியவனுக்கு நன்றி வராமல் இருக்காது. ஆனால் அதே பெஞ்சில் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் உட்கார்ந்திருந்தாள். ஏந்தாத கையைப் பற்றி அவள் யாரிடம் கேட்பாள்? இது தேசத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஒரு பிரசங்கியார் முழங்கியபோது, அவனுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் நெஞ்சில் குத்தியது. சித்தம் என்ற சொல்லுக்குக் கீழே எவ்வளவு சுலபமாக ஒரு தந்தி, ஒரு சைரன், ஒரு தண்டோரா எல்லாமே புதைந்துவிடுகின்றன!

புதுப்பட்டினத்து மச்சானோடு வாதம் முற்றியது அந்த நாட்களில்தான். மனைவியின் அண்ணன், பெந்தெகொஸ்தே சபை. அவர் கணக்கில் மனிதனுக்கு முழு சுயாதீனம். இன்று இரட்சிப்பைப் பெறலாம், நாளைக்கே இழந்தும் போகலாம், ஆகவே விழித்திரு. இவனோ அரைகுறைக் கால்வினியன். நிவாரண வேலைக்கு நடுவே ஒரு மதியம் இருவரும் மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு முன்னால் பொட்டலச் சோற்றைப் பிரித்தார்கள். முப்பது மீட்டர் அளவுக்கு விரிந்த பாறை. இடது பக்கம் ஒற்றைக்காலில் ஒரு தவசி, எலும்பெல்லாம் தெரிய; பக்கத்தில் வரம் தரும் கையோடு சிவன். நடுவே பிளவு, அதில் மேலேறும் நாகர்கள். பாசுபதம் வேண்டி நிற்கும் அர்ச்சுனன் என்கிறார்கள் சிலர். பகீரதன் கேட்கக் கங்கை இறங்குகிற காட்சி என்கிறார்கள் மற்றவர்கள். மனிதன் ஏறிப் பெற்றதா, மேலிருந்து இறங்கி வந்ததா என்று பல்லவச் சிற்பி பலகை வைக்கவில்லை. அறிஞர்களின் சண்டை ஓயவும் இல்லை. கீழே ஒரு பூனையும் தவம் செய்கிறது; எலிகள் சுற்றி நிற்கின்றன. “அது உங்க பாஸ்டர்” என்றான் இவன். “அந்த எலி உங்க சி.எஸ்.ஐ.” என்றார் மச்சான்.

எதிரே தலசயனப் பெருமாள் கோயில். பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. புண்டரீக ரிஷி பாற்கடலில் பள்ளிகொண்டவனுக்குப் பூச்சாத்த ஆசைப்பட்டு, வழிமறித்த கடலைக் கையால் இறைத்துக்கொண்டே இருந்தாராம். கிழவர் வேடத்தில் வந்த பெருமாள், சாப்பாடு கொண்டுவா என்று அவரை அனுப்பிவிட்டு, திரும்பி வருவதற்குள் தானே வெறுந்தரையில் படுத்துக்கொண்டாராம். இந்தக் கதையில் குரங்கும் பூனையும் ஒன்றாகவே வேலை செய்திருக்கின்றன. கடலை இறைத்துத் தீர்க்க முடியாது. இறைக்காமல் இருந்திருந்தால் அவர் வந்திருக்கவும் மாட்டார்.

பட்டியல்தான் அவனை வதைத்தது. நிவாரணத்துக்குக் குடும்பம் என்றால் ரேஷன் கார்டு. கார்டு இருந்தால் பெயர் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு குப்பத்தில், புருஷன் விட்டுப்போய் அண்ணன் வீட்டு ஓரத்தில் பிள்ளையோடு ஒண்டியிருந்த ஒரு பெண். கார்டு எங்கோ புருஷன் பெயரில். அண்ணன் குடும்பத்தில் சேர்த்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அவளுக்குத் தனியாக எதுவும் வராது. விதிப்படி அதுதான் சரி. வி.ஏ.ஓ. அதைத்தான் சொன்னார். அவன் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஆடிட்டில் கேள்வி வரும். மற்றவர்களும் வந்து நிற்பார்கள். சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். இரண்டில் எதைச் செய்தாலும் யாரும் அவன் கையைப் பிடிக்கப்போவதில்லை. சுயசித்தம் என்றால் என்னவென்று அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்த மாதிரி வேறெப்போதும் தெரிந்ததில்லை. தனிக் குடும்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்தப் பெண் கும்பிட்டாள். “கன்னியம்மாதான் சார் உங்கள அனுப்பி வெச்சிருக்கா.”

அவன் வாயடைத்துப் போனான். உள்ளேயிருந்து பார்த்தால் அவ்வளவு சுதந்திரமாக, அவ்வளவு சிரமப்பட்டு எடுத்த முடிவு. வெளியேயிருந்து பார்த்தவளுக்கு அது ஒரு தெய்வத்தின் ஏவல். இரண்டில் எது பொய் என்று அவனால் சொல்ல முடியவில்லை. ராத்திரி மச்சானிடம் சொன்னபோது, “கன்னியம்மாவா? கர்த்தர்னு சொல்லியிருக்கணும் நீ” என்றார். அனுப்பியது யார் என்பதில்தான் அவருக்குத் தகராறு. மனிதனுக்கு முழு சுயாதீனம் என்கிறவர், அனுப்பப்பட்டான் என்பதைக் கேள்வியே கேட்கவில்லை.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வேலையைத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை மதியம், சுமத்ராவுக்கு அப்பால் மறுபடியும் பெரிய நடுக்கம். சென்னைக் கட்டடங்களில் மின்விசிறி ஆடியது. கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை வந்துவிட்டது. கடற்கரைகளிலிருந்து ஜனங்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். ஆபீஸிலிருந்து அவன் முதலில் போன் போட்டது மச்சானுக்கு. பின்னணியில் கைத்தட்டலும் பாட்டும் கேட்டது.

“உபவாச ஜெபத்துல இருக்கோம் மாப்ள. கர்த்தர் பாத்துக்குவார்.”

“கர்த்தர்தான் என்னைப் போன் போடச் சொன்னாரு. கூட்டத்தை எழுப்பு, வண்டியை எடு, திருக்கழுக்குன்றம் பக்கம் போ!”

எல்லாம் ஆதியில் எழுதியாயிற்று என்று வாதாடுகிறவன் ஓடு ஓடு என்று கத்தினான். மனிதன் கையில்தான் எல்லாம் என்கிறவர் நகர மறுத்தார். கடைசியில் எழுந்து போனார்கள். அலை வரவில்லை. அந்தத் தடவை கடலடிப் பாறை பக்கவாட்டில் நழுவியதே தவிர, 2004இல் நடந்த மாதிரி கடலைத் தூக்கிவிடவில்லை என்று பிறகு பத்திரிகைகள் விளக்கின. அடுத்த ஞாயிறு மச்சானுடைய சபையில் அது சாட்சியானது: கர்த்தர் ஒரு பாத்திரத்தைக் கொண்டு எங்களை எச்சரித்தார். பாத்திரத்தின் பெயர் சொல்லப்படவில்லை.

“நான் கனமான பாத்திரமா, கனவீனமான பாத்திரமா?” என்று சாப்பாட்டு வேளையில் அவன் கேட்டான்.

மச்சான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “அது உன் கையிலதான் இருக்கு மாப்ள.”